வெர்லின் பிளெட்சோவின் கண்ணைக் கட்டிய நாள்

எங்கள் மாவட்டத்தில் ஒருவனுடைய பாட்டன் பெரிய வீரன் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கையை வெர்லின் பிளெட்சோவின் மேஜைப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. கொண்டுபோனவர்கள் யாரும் சிரித்த முகத்தோடு திரும்பி வந்ததில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள்.

ஓசார்க் மலையடியில், கண்காட்சித் திடலின் செம்மறிக் கொட்டகையில் வருஷத்துக்கு இரண்டு முறை துப்பாக்கிச் சந்தை நடக்கும். கொட்டகையின் கோடியில் பீன்ஸ், சோளரொட்டி, மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற 'பை' பலகாரம் விற்கிற கடை என்னுடையது. அதற்கு அடுத்த மேஜை வெர்லினுடையது. அவன் அங்கே எதுவும் விற்பதில்லை. ஒரு பச்சைத் துணி, ஒரு பூதக்கண்ணாடி, பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்ன முகக்கண்ணாடி, ஒரு டார்ச் விளக்கு, எதிரே ஒரு மடக்கு நாற்காலி. அவ்வளவுதான் அவன் சாமான்.

யாராவது பரணிலிருந்து இறக்கின துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். எங்கள் கொள்ளுத் தாத்தா உள்நாட்டுப் போரில் தூக்கினது என்பார்கள். வெர்லின் முதலில் அதைத் திறந்து உள்ளே தோட்டா இல்லையே என்று பார்ப்பான். பிறகு குனிந்தால் நிமிர மாட்டான். எண்களைப் பார்ப்பான், முத்திரையைப் பார்ப்பான், திருகாணியின் தலையைக்கூடத் தடவிப் பார்ப்பான். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, உக்காருங்க," என்பான். அந்த வார்த்தை வந்துவிட்டால் கதை முடிந்தது. கொள்ளுத் தாத்தா தூக்கின துப்பாக்கி, அவர் செத்த பிறகு ஏதோ ஒரு பட்டறையில் பிறந்தது என்று தெரிந்துவிடும்.

அந்த மடக்கு நாற்காலிக்கு நாங்கள் துக்க நாற்காலி என்று பெயர் வைத்திருந்தோம். நானும் அதில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கப்பா குதிரைப்படையில் வாங்கினதாகச் சொன்ன கைத்துப்பாக்கி ஸ்பெயினில் செய்த மலிவு நகல் என்று அவன் சொன்னான். சொன்ன கையோடு, "ஒரு நெல்லிக்காய்ப் பை குடு ட்வைலா, ஐஸ்கிரீம் வேணாம்," என்றும் சொன்னான். அன்றைக்கு அவனுக்கு நான் வெட்டிக்கொடுத்த துண்டு அந்தப் பையிலேயே ரொம்பச் சின்னது.

கெட்டவன் இல்லை வெர்லின். அதையும் சொல்லிவிட வேண்டும். கிராமத்துப் பாதைகளில் தபால் போட்டு ஓய்வு பெற்றவன். பென்ஷன் பணத்தில் பாதி துப்பாக்கிப் புத்தகங்களுக்குப் போகும். ஒரே ஒரு முத்திரையைச் சரிபார்க்க அயோவா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பி வந்தவன். யாரிடமும் பத்துக் காசு வாங்கினதில்லை. நிஜமான பொருள் என்றால் அதையும் அதே முகத்தோடு சொல்வான். ஒரு விதவை, மருமகன் கோழி விரட்ட வைத்திருந்த துப்பாக்கியைக் கொண்டுவந்தாள். வெர்லின் சொன்ன பிறகு அதை விற்று வீட்டுக்குப் புதுக் கூரை போட்டாள்.

தன்னைப் பற்றியும் அவன் பெருமை அடித்ததில்லை. இரண்டாவது உலகப் போரில் நாலு வருஷம் கடற்படையில் இருந்தான். என்ன செய்தாய் என்று கேட்டால், "உருளைக்கிழங்கு உரிச்சேன்," என்பான். "கப்பல் பூரா தின்ன அளவுக்கு உரிச்சேன்."

ஆனால் அவனுடைய அப்பா விஷயம் வேறு.

வெர்லின் வீட்டுக் கூடத்தில், பியானோவுக்கு மேலே, மான் குளம்பில் செய்த தாங்கியில் ஒரு துப்பாக்கி தொங்கும். அவன் அப்பா ஓரன் பிளெட்சோ முதல் உலகப் போரில் பிரான்சுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தது. பதுங்குகுழித் துப்பாக்கி என்று அதற்குப் பெயர். வின்செஸ்டர் 97, முன்னும் பின்னும் இழுத்துச் சுடுகிற பம்ப் துப்பாக்கி. பதுங்குகுழிக்குள் நெருக்கத்தில் சுட என்று ராணுவத்துக்குக் குட்டையாகச் செய்தது. குழல் சூடாகிக் கையைச் சுடாமல் இருக்க மேலே ஓட்டை போட்ட தகட்டு உறை இருக்கும், முனையில் பயோனெட் என்கிற கத்தியை மாட்ட ஒரு முளை இருக்கும், துப்பாக்கியின் உடம்பில், தீப்பற்றி எரிகிற வெடிகுண்டு மாதிரி ஒரு சின்ன ராணுவ முத்திரை இருக்கும். இப்படி நிஜமாகப் போருக்குப் போனவை கொஞ்சம்தான். அதனால் அதற்கு விலை ஆயிரக்கணக்கில். விலை இருப்பதால் போலியும் ஏராளம். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே வெர்லின்தான், என் கடையில் சோளரொட்டி தின்றுகொண்டே.

அப்பா துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் குரலே மாறிவிடும். அப்பா அதிகம் பேசாத மனிதர், போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார், அது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் என்பான். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். ஏனென்றால் அவர்கள் பாட்டன்மாரைப் பற்றி இதையே சொன்னபோது, "துப்பாக்கி என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு, தாத்தா சொன்னது இல்ல," என்று வாயை அடைத்தவன் அவன்.

அந்த வருஷம், எண்பத்தேழில், முன்னாள் படைவீரர் மன்றத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். நவம்பர் பதினொன்றாம் தேதி, போர்வீரர் நாளன்று, ஓரன் பிளெட்சோவின் துப்பாக்கியை மன்றத்தின் பெரிய சுவரில் மாட்டுவது, கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயரைப் பொறிப்பது. கேட்டதும் வெர்லின் தரையில் நிற்கவில்லை. புது கோட்டு வாங்கினான். தபால் போடப் போன வீடுகளுக்கெல்லாம் ஒரு சுற்று போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

அக்டோபர் சந்தைக்குப் பன்றிப் பண்ணைக்காரன் டார்சி ப்ரூயிட் வந்தபோது மூஞ்சி கடுகடுவென்று இருந்தது. டார்சியின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கும்பிட்டுக்கொண்டிருந்த ராணுவத் துப்பாக்கியை, போர் முடிந்து பல வருஷம் கழித்துச் செய்தது என்று வெர்லின் சொல்லியிருந்தான். அதைக் கொண்டுபோய்க் காட்டினதற்காக டார்சியின் தம்பி ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை.

"மன்றத்துல இன்சூரன்ஸ் போடணும்னாங்களாம்," என்றான் டார்சி, காப்பியைக் கலக்கிக்கொண்டே. "மதிப்பு போட்டது யாரு தெரியுமா?"

"யாரு?" என்றேன்.

"இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? அவனேதான். அவங்கப்பன் துப்பாக்கி, அவனே மதிப்பு, அவனே சாட்சி."

தீவனக்கடை லைல் பொஹானன் பக்கத்தில் இருந்தான். அவன் திரும்பி வெர்லினையே கேட்டுவிட்டான். "ஏம்பா வெர்லின், அந்தத் துப்பாக்கிய நீ எப்பவாவது கண்ணாடி வெச்சுப் பாத்திருக்கியா?"

வெர்லின் அவனை விநோதமாகப் பார்த்தான். "எங்கப்பா துப்பாக்கியவா? எதுக்குப் பாக்கணும்?"

"எங்க தாத்தா துப்பாக்கியப் பாத்தியே," என்றான் டார்சி.

"அது வேற," என்றான் வெர்லின். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய்விட்டான். இறக்கிக்கூடப் பார்த்ததில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

டார்சி என்னைப் பார்த்தான். நான் லைலைப் பார்த்தேன். யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று இன்றுவரை எங்களுக்குள் சண்டை. எனக்குத்தான் வந்தது.

எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து ஆட்கள் சாப்பிட்டு முடித்து, வியாபாரம் தூங்கி வழிகிற நேரத்தில் கண்கட்டு விளையாட்டு நடக்கும். ஒருவனுக்குக் கண்ணைக் கட்டி, கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுப்பார்கள். தடவிப் பார்த்து என்ன மாடல், ஏறக்குறைய எந்தக் காலம், என்ன விலை போகும் என்று சொல்ல வேண்டும். தோற்றவன் எல்லோருக்கும் பை வாங்கித் தர வேண்டும். வெர்லின் தோற்று நாங்கள் பார்த்ததில்லை. கண்ணைக் கட்டுவது என் பாத்திரம் துடைக்கிற துண்டால், ஏனென்றால் அதுதான் கனம்.

இந்தத் தடவை அவன் கையில் அவன் அப்பா துப்பாக்கியையே கொடுப்பது என்று முடிவானது.

அதற்கு வெர்லினின் பெண்டாட்டி ஓர்ஃபாவின் தயவு வேண்டும். அவள் மறுத்துவிடுவாள் என்று பயந்துகொண்டே நான் போன் போட்டேன்.

"முப்பத்தெட்டு வருஷமா அதுக்குத் தூசி தட்டறேன்," என்றாள் ஓர்ஃபா. "இறகுத் துடைப்பத்தால மட்டும்தான் தட்டணும்பாரு. துணி படக்கூடாதாம். ஊர்ல இருக்கறவங்க தாத்தாவை எல்லாம் அழ வெக்கிறாரே, அவரும் ஒரு தடவ உக்காந்து பாக்கட்டும். லைலை வரச்சொல்லு. சாயந்திரம் அவரு வர்றதுக்குள்ள பழைய எடத்துல இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவன் சந்தையில் இருக்கும்போது லைல் போய் அதைத் தீவன மூட்டையில் சுற்றி எடுத்து வந்து என் கடையின் பின்னால் சோளமாவுப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தான். எனக்கு ஒரே குதூகலம். அவனே தன் வாயால் நிஜம் என்று சொன்னாலும் நாங்கள் கிண்டல் செய்வோம், இல்லை என்று தடுமாறினாலும் கிண்டல் செய்வோம். எப்படி விழுந்தாலும் எங்களுக்கு லாபம் என்றுதான் நினைத்தோம். அதற்கு மேல் ஒருத்தரும் யோசிக்கவில்லை. யோசிக்கிறவர்கள் இந்த வேலையில் இறங்க மாட்டார்கள்.

முதலில் இரண்டு துப்பாக்கியைக் கொடுத்தார்கள். இரண்டையும் வெர்லின் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லிவிட்டான். மூன்றாவதாக லைல் மூட்டையைப் பிரித்தான். திறந்து, உள்ளே காலி என்று சுற்றிலும் காட்டி, வெர்லினின் கையில் வைத்தான். சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது எதுவென்று தெரியும். பீன்ஸ் கொதிக்கிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி.

"பம்ப்," என்றான் வெர்லின். "வெளிச்சுத்தி இருக்கு. தொண்ணூத்தியேழு." கை குழல் பக்கம் போனது. உறையைத் தொட்டதும் சிரித்தான். "அட, பதுங்குகுழித் துப்பாக்கியா. இதுக்குத்தான் இத்தனை கமுக்கமா? யாரோ நெறைய காசு குடுத்து வாங்கியிருக்கீங்க போல."

"நிஜம்தானே?" என்றான் டார்சி. அவன் குரலில் சர்க்கரை சொட்டியது.

வெர்லின் விரல்களால் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தான். "எங்க? இதுவா? தொழிற்சாலையில அச்சு வெச்சுக் குத்துவான், வரிசை நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். இது குடிகாரன் நடந்து போன மாதிரி இருக்கு. கைத்துரப்பணத்துல ஒவ்வொண்ணாப் போட்டது. தகடு அடுப்புப் புகைக்குழாய்த் தகடு." கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அவனுக்கு உற்சாகம் ஏறியது. "பயோனெட் முளையப் பாருங்க, குழல் வாய்க்கு நேரா வெச்சிருக்கான். இதுல பயோனெட்டை மாட்டிச் சுட்டிருந்தா அதையும் சேத்து ஜெர்மனிக்கு அனுப்பியிருப்பான். இந்தத் துப்பாக்கி பிரான்ஸ் போகல. இதைச் செஞ்சவனும் போகல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. டார்சியின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. வெர்லின் முத்திரையைக் கட்டைவிரலால் தேடினான்.

"முத்திரையா இது? ஆணியால குத்திக் குத்தி வரஞ்சிருக்கான். குண்டு மாதிரியா இருக்கு, பூசணிக்காய் மாதிரி இருக்கு." பிறகு கொஞ்சம் மெதுவாக, "ஆனா ஓட்டைக்கு ஓட்டை பிசிறு எடுத்திருக்கான். அரத்தால, பொறுமையா. கையில கிழிக்கக்கூடாதுன்னு," என்றான்.

அவன் கை மரப்பிடிக்கு வந்தது. அடிப்பக்கம் போனது. அங்கே நின்றுவிட்டது. கட்டைவிரல் மட்டும் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றதால் எனக்குத்தான் அது தெரிந்தது.

"வெல?" என்று பின்னாலிருந்து வெளியூர்க்காரன் ஒருவன் கேட்டான். அவனை அங்கேயே பிடித்து மாவுப் பெட்டியில் போட்டு மூடலாம் போல இருந்தது.

"வாத்து சுடற துப்பாக்கியா இருந்தா நூத்தம்பது," என்றான் வெர்லின். குரலில் எந்த மாற்றமும் இல்லை. "இப்படிக் கெடுத்து வெச்சதுக்கு அப்புறம் எம்பது. அதுவும் இரக்கப்பட்டு."

லைல் அதை அவன் கையிலிருந்து வாங்கின வேகத்தைப் பார்க்க வேண்டும். மூட்டைக்குள் சுருட்டினான், பக்கத்து மேஜையிலிருந்து யாருடையதோ ஒரு சாதாரண 97-ஐ எடுத்துப் பச்சைத் துணி மேல் வைத்தான். நான் துண்டை அவிழ்த்தேன். வெர்லின் கண்ணைச் சிமிட்டி மேஜையில் கிடந்ததைப் பார்த்தான். அதில் உறையும் இல்லை, முளையும் இல்லை. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

"உறையக் கழட்டிட்டோம்," என்றான் லைல்.

"ஓ," என்றான் வெர்லின். "சீக்கிரமாத்தான் கழட்டியிருக்கீங்க."

பை கேட்டான், கொடுத்தேன். பெரிய துண்டு. அவன் முள்கரண்டியால் அதைத் தட்டில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தான். எனக்கு அவமானமாக இருந்தது. டார்சி பன்றிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான். அந்த நேரத்தில் எந்தப் பன்றியும் தண்ணீர் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் ஓர்ஃபா போனில் அழுதாள். "கீழ எறக்கிட்டாரு ட்வைலா. சமையல் மேஜை மேல வெச்சு விளக்கு, கண்ணாடி எல்லாம் போட்டுப் பாத்தாரு. நான்தான் குடுத்தேன்னு சொல்லிட்டேன். திட்டவே இல்ல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அடியில ஆணியால ஒரு கீறல் இருக்கு பாரு, அது இவரு சின்னப்பையனா இருக்கும்போது கீறினதாம். அதுக்கு அடி வாங்கினாராம். 'கை அதுல பட்டப்பவே தெரிஞ்சுபோச்சு'ங்கறாரு."

"தெரிஞ்சுமா வெல சொன்னாரு?" என்றேன்.

"கேட்டாங்க, சொன்னேங்கறாரு."

செவ்வாய்க்கிழமைகளில் நான் முதியோர் இல்லத்துக்குப் பை கொண்டுபோவேன். அன்றைக்கு வெர்லின் என் வண்டியில் ஏறிக்கொண்டான். அவன் அப்பாவின் கடைசித் தங்கை செல்மா அங்கேதான் இருந்தாள். எண்பத்து நாலு வயசு. போனபோது டாமினோ ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு காய் மடியில் ஒளிந்திருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அதைப் போர்வையால் மூடினாள்.

"அத்தை," என்றான் வெர்லின். "அப்பா பிரான்ஸ்ல எந்தப் படைல இருந்தாரு?"

"பிரான்ஸா? ஓரனா?" செல்மா சிரித்ததில் டாமினோக் காய்கள் குலுங்கின. "அவன் கான்சாஸைத் தாண்டல கண்ணு. பட்டாளத்து லாயத்துல கோவேறு கழுதைச் சாணி அள்ளினான். கப்பல் ஏறப் போற சமயத்துல பொன்னுக்கு வீங்கி வந்துருச்சு. ரெண்டு கன்னமும் இத்தாம்பெருசு. வீக்கம் எறங்கி எழுந்து உக்காந்தா, போர் முடிஞ்சுபோச்சுன்னு மணி அடிக்கறான்."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ எங்க கேட்ட?" என்றாள் செல்மா. "எங்கப்பா எங்கப்பான்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்ச. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. எதுக்குக் கெடுப்பானேன்?"

வெர்லின் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். "அப்போ அந்தத் துப்பாக்கி."

"உனக்கு நெனப்பில்லையா? எட்டு வயசு இருக்கும். பள்ளிக்கூடத்துலேருந்து அழுதுகிட்டே வந்த. ஒருத்தன் அப்பனுக்குக் கை போச்சு, ஒருத்தன் அப்பனுக்குப் விஷப்புகை அடிச்சு மூச்சு போச்சு, உங்கப்பனுக்கு என்ன போச்சுன்னு கேட்டாங்களாம். நீ வந்து அவன்கிட்ட கேட்ட. அவன் ஒண்ணும் பேசல. எந்திரிச்சுக் கொட்டகைக்குப் போயிட்டான். லாயத்துல காவக்காரன் ஒருத்தன் அந்த மாதிரி ஒண்ணு வெச்சிருந்தானாம், அதை மனசுல வெச்சுக்கிட்டு வாத்துத் துப்பாக்கிய எடுத்து நோண்டினான். உங்கம்மா அடுப்புப் புகைக்குழாயக் காணோம்னு கத்தினா பாரு, அந்தக் குளிர் பூரா வீடெல்லாம் பொகை. கிறிஸ்மஸுக்கு அது செவத்துல தொங்குச்சு. அதுக்கப்புறம் நீ பள்ளிக்கூடத்துக்கு அழுதுட்டுப் போகல."

திரும்பி வரும் வழியில், மலைப்பாதை இறங்கும்போது, "பொய்யா வாயால எதுவும் சொல்லல ட்வைலா அவரு," என்றான். "நான் கேட்டப்போ எல்லாம் சும்மாத்தான் இருந்தாரு. மீதியெல்லாம் நானே சொல்லிக்கிட்டது."

போர்வீரர் நாள் நெருங்கியது. பித்தளைத் தகடு ஏற்கனவே தயாராகி மன்றத்து அலமாரியில் இருந்தது. டார்சி ஒரு மாலை வெர்லின் வந்திருந்த நேரம் பார்த்து என் வீட்டுக்கு வந்தான். பாவம், அவன் எடை குறைந்து போயிருந்தான்.

"யோவ் வெர்லின்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "உங்கிட்ட நெசமான பதுங்குகுழித் துப்பாக்கி ஒண்ணு இருக்கில்ல. படகை வித்து வாங்கினியே. அதை மாட்டிரு. யாருக்குத் தெரியப் போகுது? நாங்க வாயத் தெறக்க மாட்டோம். லைல் மாட்டான். ட்வைலா மாட்டா."

"ட்வைலாவைப் பத்தி உறுதியாச் சொல்லாத," என்றான் வெர்லின்.

"இல்லேன்னா விழாவையே நிறுத்திரலாம். முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லு."

வெர்லின் காப்பியைக் குடித்து முடித்தான். "உன் துப்பாக்கிக்கு நான் என்ன வெல சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

"எப்படி மறப்பேன்."

"ரொம்பச் சிரிச்சேனா அப்போ?"

டார்சி யோசித்தான். "கொஞ்சம்," என்றான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பௌலிங் பந்தயக் கோப்பைகளுக்குப் பெயர் பொறிக்கிற கடை வாசலில் வெர்லினின் வண்டி நிற்பதைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. பழைய தகடு போதவில்லை போலிருக்கிறது, இன்னும் பெரிதாக ஒன்று செய்கிறான் என்று நினைத்தேன். நிஜத் துப்பாக்கியையும் மாட்டி, அதற்குக் கீழே நீளமான பொய்யையும் மாட்டப் போகிறான். ஊர் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தவன் தனக்கு மட்டும் சோபா போட்டுக்கொள்கிறான். டார்சியிடம் போய்ச் சொன்னேன். "போட்டும் விடு," என்றான் அவன். "அவங்கப்பா தானே." நல்ல மனுஷன் டார்சி, பன்றி நாற்றம் மட்டும்தான் குறை.

நவம்பர் பதினொன்று. மன்றத்தில் இடமில்லை. துக்க நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் மரியாதைக்கு, பாதிப் பேர் வேடிக்கைக்கு. செல்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்ததைக் கொடித் துணியால் மூடியிருந்தார்கள். ஓர்ஃபா முதல் வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மன்றத் தலைவர் வெர்லினைப் பேசக் கூப்பிட்டார். வெர்லின் புது கோட்டில் எழுந்து போனான். "எனக்குப் பேச வராது," என்றான். "தகட்டுல எழுதியிருக்கு. தலைவர் படிக்கட்டும்." சொல்லிவிட்டுத் துணியை இழுத்தான்.

மன்றத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கழுத்தை முன்னால் நீட்டினார்கள். இத்தனை வருஷம் அவனிடம் திட்டு வாங்கியே எங்கே பார்ப்பது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லைல் கண்ணைச் சுருக்கி ஓட்டை வரிசையைப் பார்த்தான். டார்சி முளையைப் பார்த்தான். பின்வரிசையில் ஒருவன் தூரக்கண்ணாடியே கொண்டுவந்திருந்தான்.

"கோணலா?" என்று என் காதில் கேட்டான் லைல். அவனுக்குக் கண் பார்வை மோசம்.

"கோணல்," என்றேன். வரிசை வளைந்து வளைந்துதான் போயிருந்தது. பூசணிக்காய் முத்திரையும் அப்படியே இருந்தது. மேலே மாட்டியிருந்தது ஓரனின் துப்பாக்கிதான்.

தலைவர் தகட்டருகே குனிந்தார். படிக்கத் தொடங்கி, நிறுத்தி, வெர்லினைத் திரும்பிப் பார்த்தார். வெர்லின் தலையாட்டினான். தலைவர் கனைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது வாத்து சுடும் துப்பாக்கி. பிரான்சுக்குப் போனதில்லை. முதல் போரில் கான்சாஸ் லாயத்தில் பணி செய்த ஓரன் பிளெட்சோ, 1932 குளிர்காலத்தில் தன் கொட்டகையில் இதைப் பதுங்குகுழித் துப்பாக்கியாக மாற்றினார். தன் மகன் தன்னைப் பெரிதாக நினைக்க வேண்டும் என்று செய்தார். மகன் நினைத்தான்."